ஏர் ஃபில்டர் மாத்தியும் டீசல் குறையலைன்னா டிரைவரப் புடிக்காதீங்க: லாரி முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

அஞ்சு லாரி பத்து லாரின்னு வச்சு சிங்கப்பூர்ல தொழில் பண்ற நம்ம தமிழ் முதலாளிமாருக்கும், ஆபீஸ்ல உக்காந்து டீசல் கணக்கு பாக்குற தம்பி தங்கச்சிங்களுக்கும் வணக்கம்.

நான் 21 வருஷம் லாரி ஓட்டுனவன். முதுகு ஒத்துக்கலன்னு இப்ப 6 வருஷமா யார்டுலயே இருந்து வண்டிங்களப் பாத்துக்கறேன், ஆயில் மாத்தறது, டயர் பாக்கறது, இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பறது எல்லாம் நம்ம தலையிலதான். படிச்ச இன்ஜினியர் இல்ல. ஆனா இந்த ஏர் ஃபில்டர் விஷயத்துல ஒரு சின்னப் பையன் மேல திருட்டுப் பட்டம் வர்ற அளவுக்குப் போயிடுச்சு, அதனால வாய மூடிட்டு இருக்க முடியல. எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன். என் முதலாளி இதப் படிப்பாரு, படிக்கட்டும், இதுல உள்ளதெல்லாம் தே ஆலியா (இஞ்சி டீ) குடிக்கிறப்ப அவருகிட்ட நேர்லயே சொன்னதுதான்.

நடந்தது இதுதான். வருஷ ஆரம்பத்துல ஒரு சேல்ஸ்மேன் வந்தாரு, கையில லேப்டாப்பு, ஒரு சிவப்புக் கலர் ஃபில்டரு. பேப்பர் இல்ல, பருத்தித் துணிய மடிச்சு கம்பி வலைக்குள்ள வச்சு எண்ணெய் தடவுனது. கழுவிக் கழுவிப் போடலாம், வாழ்நாள் பூரா வரும், காத்து தாராளமா போகும், டீசல் 10லேருந்து 15 சதவீதம் மிச்சம்னாரு. ஒண்ணு 160 சிங்கப்பூர் வெள்ளி. நம்மகிட்ட 14 அடி லாரி 8 இருக்கு, எட்டுக்கும் போட்டாச்சு, 1,280 வெள்ளி. முதலாளியக் குத்தம் சொல்ல மாட்டேன், டீசலுக்கு வரி 2019 பிப்ரவரில லிட்டருக்கு 10 காசுலேர்ந்து 20 காசாச்சு, 2022ல உக்ரேன் சண்டை வந்தப்ப பம்புல நம்பர் ஓடுன ஓட்டத்த எல்லாரும் பாத்தோம், வாடகை ஏத்துனா கஸ்டமர் ஓடிடுறான். மிச்சம்னு ஒருத்தன் வாயத் தொறந்தா காது தானா அங்க போகும்.

அடுத்த மாசம் கணக்கு வந்துச்சு. ரெண்டு மூணு வண்டி கொஞ்சம் நல்லா காட்டுச்சு, மத்தது அப்படியே, ஒரே ஒரு வண்டி மட்டும் முன்ன விட 4 சதவீதம் கூடவே குடிச்சிருந்துச்சு. அத ஓட்டுறது கும்பகோணம் பக்கத்துலேர்ந்து வந்த ஒரு தம்பி, வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. ஆபீஸ்ல கணக்கு எப்படிப் போட்டாங்கன்னா, ஃபில்டர் 10 சதவீதம் மிச்சம் பண்ணணும், இவன் வண்டி 4 சதவீதம் கூட, அப்ப 14 சதவீதம் டீசல் எங்க போச்சு? உறிஞ்சி வித்துட்டான்.

தம்பிய கூப்பிட்டு விசாரிச்சப்ப நானும் அங்க நின்னேன். அவன் சத்தம் போடல, அழல, வண்டிக்குப் போயி கண்ணாடிக்கு மேல இருக்குற வைசர்ல ரப்பர் பேண்ட் போட்டுச் செருகி வச்சிருந்த பம்பு ரசீத எல்லாம் எடுத்துட்டு வந்து மேசையில வச்சான். மூணு மாசத்து ரசீது. வெயில்ல காஞ்சு பாதி ரசீதுல எழுத்தே இல்ல, வெள்ளைத் தாளா இருக்கு. அதையும் சேத்து தேதி வாரியா அடுக்கி வச்சிருக்கான் பாருங்க. ரெண்டு மாச இன்சென்டிவ நிறுத்திட்டாங்க.

சரி, ஃபில்டருக்கு வர்றேன்.

லாரி டீசல் இன்ஜினு பெட்ரோல் காரு மாதிரி இல்லண்ணே. பெட்ரோல் கார்ல காத்து போற வழியில ஒரு கதவு இருக்கும், த்ராட்டில்னு சொல்வோம், நீங்க ஆக்சிலேட்டர அமுத்துனா அது தொறக்கும், அதுதான் வேகத்த முடிவு பண்ணுது. டீசல்ல காத்த அடைச்சு வேகத்தக் குறைக்கிற வேலை கிடையாது (இப்ப வர்ற யூரோ 6ங்கற புகைக் கட்டுப்பாட்டுத் தர வண்டியில ஒரு வால்வு இருக்கும், அது புகை சுத்தம் பண்ற வேலைக்கு). இன்ஜின் இழுக்குற காத்த இழுத்துக்கிட்டே இருக்கும், எவ்வளவு டீசல் பீச்சறோமோ அதுதான் பவரு. அதுவும் சாதாரணமா ஓட்டறப்ப டீசல் எரியறதுக்குத் தேவையானத விடக் கூடுதலாவே காத்து உள்ள இருக்கும், இதுல டர்போ வேற அமுக்கித் தள்ளுது. ஏற்கனவே மிச்சமா இருக்குற காத்துல இன்னும் கொஞ்சம் சேத்தா டீசல் எப்படிக் குறையும்? சாப்புட்டு முடிச்சவன் எலையில இன்னொரு கரண்டி சோறு போட்ட கதைதான்.

"காத்து லேசா உள்ள போனா இன்ஜினுக்கு இழுக்குற சிரமம் குறையுமே"ன்னு சேல்ஸ்மேன் சொன்னாரு, அது பொய் இல்ல, குறையும்தான். எவ்வளவுன்னுதான் கேக்கணும். என் மக பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் படிச்சவ, ராத்திரி சாப்பாட்டு மேசையில மொய் கவரு பின்னாடி கணக்குப் போட்டுக் காட்டுனா, நானும் நாலு தடவ கேட்டுத்தான் புரிஞ்சுக்கிட்டேன். 1 லிட்டர் டீசல் எரியணும்னா குறைஞ்சது 12 கிலோ காத்து வேணும், நம்ம ஓட்டுற ஓட்டத்துல 20 கிலோன்னு வச்சுக்கலாம், அது ஏறத்தாழ 17 கன மீட்டரு, அதாவது 17,000 லிட்டர் காத்து. புது ஃபில்டர் பழைய பேப்பர் ஃபில்டர விட 1 கிலோபாஸ்கல் (அழுத்தத்த அளக்கற அளவு) தடையக் குறைக்குதுன்னு தாராளமாவே குடுப்போம். 17 கன மீட்டர பெருக்குனா 17 கிலோஜூல் சிரமம் மிச்சம். அந்த 1 லிட்டர் டீசல்ல இருக்கிறது 36,000 கிலோஜூலு, அதுல நாப்பது சதவீதம் வேலையா சக்கரத்துக்குப் போனாக்கூட 14,000. பதினாலாயிரத்துல 17. ஆயிரத்துல ஒரு பங்குதான் வருது, 0.12 சதவீதம்.

நம்ம வண்டி ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடும், மாசம் 26 நாளு, லிட்டருக்கு ஆறரை கிலோமீட்டரு, ஆக மாசம் 800 லிட்டர். லிட்டர் ரெண்டரை வெள்ளின்னு வச்சா 2,000 வெள்ளி. அதுல 0.12 சதவீதம்னா 2 வெள்ளி 40 காசு. மாசத்துக்கு! கோப்பிக் கடையில ஒரு தே ஓவும் ஒரு பிளேன் பராட்டாவும். போட்ட 160 வெள்ளி திரும்ப வர்றதுக்கு அஞ்சரை வருஷம் ஆகும், இதுல கழுவற கிட்டு, தடவற எண்ணெய் காசெல்லாம் சேக்கல. எட்டு வண்டிய எட்டு தடவ எழுதிப் பாத்தாலும் அந்த 14 சதவீதம் எங்கயும் வரல.

அப்ப இந்தப் பேச்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, ஒரு காலத்துல இதுல உண்மை இருந்துச்சு. எங்கப்பா டெக்சி ஓட்டுன காலத்துல கார்புரேட்டரு, ஃபில்டர் அடைச்சா பெட்ரோல் கூட ஊத்திக்கும், காது கேக்கற மாதிரி இருமும், கருப்பா புகை விடும், ஃபில்டர எடுத்துத் தட்டிப் போட்டா சரியாயிடும். அதுதான் அப்பா பையனுக்கு, பையன் பேரனுக்குன்னு வந்துருக்கு. அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ்னு ஒரு அரசாங்க ஆராய்ச்சிக் கூடம், அவங்க 2009ல இத எடுத்து வச்சு சோதிச்சாங்க, ஃபில்டர வேணும்னே அடைச்சு ஓட்டிப் பாத்துருக்காங்க. கம்ப்யூட்டர் பாத்துக்கற இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்ல மைலேஜு மாறல, பிக்கப்புதான் குறைஞ்சுது. கார்புரேட்டர் போட்ட பழைய காருலதான் சில சதவீதம் வித்தியாசம் வந்துச்சு. அடைச்ச ஃபில்டருக்கே இந்தக் கதின்னா, நல்லா இருக்குற பேப்பர் ஃபில்டர எடுத்துட்டு இன்னும் நல்லதப் போடறேன்னு சொல்றதுல என்ன கெடைக்கும்? அதே நாட்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, பெட்ரோல் மிச்சம் பண்ணும்னு விக்கிற சாமான் நூத்துக்கு மேல சோதிச்சுப் பாத்துட்டு, பெருசா மிச்சம் குடுக்குற ஒண்ணையும் காணோம்னு சொல்லிருக்கு. காந்தம், மாத்திரை, சுத்தி விடற விசிறின்னு என்னென்னவோ.

நியாயமா ஒண்ணு சொல்லணும். டீசல் வண்டியில ஃபில்டர் நெசமாவே அடைச்சுப் போனா தொந்தரவுதான். காத்து பத்தாம கருப்புப் புகை வரும், இழுவை போயிடும், டிரைவர் இன்னும் அமுத்துவான், புகைக் குழாயில இருக்குற ஃபில்டர்ல கரி சேரும், இன்ஸ்பெக்‌ஷன்ல புகை டெஸ்ட்டுல கவுத்து விட்டுடும், அதுவும் 10 வருஷம் தாண்டுன லாரிக்கு 6 மாசத்துக்கு ஒரு தடவ போகணும். அதனால நேரத்துக்கு மாத்துங்க, அதுல கஞ்சத்தனம் வேணாம். நிறைய வண்டியில ஃபில்டர் டப்பாவுலயே ஒரு சின்ன இண்டிகேட்டர் இருக்கும், சிவப்பு வந்தா மாத்தணும். பெரிய டர்போ டீசலுக்குப் பொதுவா 25 அங்குலத் தண்ணி அளவு, அதாவது 6 கிலோபாஸ்கல் கிட்ட தடை வர்ற வரைக்கும் இன்ஜினே தாங்கிக்கும். சிவப்பு வரலைன்னா கைய வைக்காதீங்க. இன்னொண்ணு, வெளிக் கம்பெனி ஃபில்டர் எல்லாம் மோசம்னு நான் சொல்லவே இல்ல, ஒரிஜினல் விலை கட்டுப்படியாகாம நானே நல்ல கம்பெனி பேப்பர் ஃபில்டர் வெளியில வாங்கித்தான் போடறேன், ஐஎஸ்ஓ 5011ங்கற ஏர் ஃபில்டர் சோதனை பண்ணதான்னு மட்டும் பாத்துக்குவேன். காசு மிச்சம்னு வாங்கறேன், டீசல் மிச்சம்னு வாங்கல.

இப்ப எனக்கு நெசமா வயித்தக் கலக்குற விஷயத்துக்கு வர்றேன், இத எந்த சேல்ஸ்மேனும் பேச மாட்டாரு. ஃபில்டர் எதுக்கு இருக்கு? டீசலுக்கா? தூசிக்குண்ணே. மேல சொன்ன கணக்குப்படி ஒரு வண்டி மாசத்துக்கு 800 லிட்டர் குடிச்சா 13,600 கன மீட்டர் காத்த இழுக்குது, ஒலிம்பிக் நீச்சல் குளம் அஞ்சு நெறைய. நம்ம வண்டிங்க போறது எங்க? தெங்கா பக்கம் வீடு கட்டற சைட்டு, துவாஸ், சுங்கை காடுட், சிமெண்ட்டு, மண்ணு, மரத்தூளு. 99.5 சதவீதம் தூசி புடிக்கற ஃபில்டரும் 98.5 புடிக்கற ஃபில்டரும் கேக்கறதுக்கு ஒண்ணு மாதிரி இருக்கும். ஆனா உள்ள போறது அரை சதவீதம் ஒன்றரையா ஆவுது பாருங்க, மூணு மடங்கு. காத்து தாராளமா போற வழியில தூசியும் தாராளமாத்தான் போகும், அந்த சேல்ஸ்மேனுக்கும் இது தெரியும்.

எங்க வண்டியில நான் ஒரு வேலை பண்ணேன். ஹாக்கர் சென்டர்ல இடம் புடிக்கறதுக்கு டிஷ்யூ பாக்கெட் வாங்குவோம்ல, அதுல ஒரு டிஷ்யூ எடுத்து, ஃபில்டருக்கு அடுத்து டர்போவுக்குப் போற குழாயக் கழட்டி உள்பக்கம் ஒரு சுத்து தொடச்சேன். பேப்பர் ஃபில்டர் போட்டு ஓடுன வண்டியில (ஒண்ண மட்டும் முன்னாடியே நான் பழையபடி மாத்தி வச்சிருந்தேன்) டிஷ்யூ லேசா எண்ணெய்ப் பிசுக்கோட வெள்ளையாவே வந்துச்சு. சிவப்பு ஃபில்டர் போட்டு சைட்டுக்கு ஓடுன வண்டியில செம்மண் கலர்ல ஒரு கோடு. ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுத் தேச்சா நறநறன்னு இருக்கு. முதலாளி மேசையிலயே அந்த டிஷ்யூவ வச்சேன். அந்த நறநறதான் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் உக்காந்து தேய்க்கும். டர்போ ஒண்ணு மாத்துனா என்ன செலவுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம்.

கழுவற கத இன்னொண்ணு. கழுவி, நிழல்ல காய வச்சு, அளவா எண்ணெய் தடவணும்னு பெட்டியிலயே எழுதிருக்கு, ஆனா நம்ம வொர்க்‌ஷாப்புல அவசரம். பையன் பாத்திரம் கழுவற சோப்புல கழுவி, ஈரம் காயறதுக்கு முன்னாடியே எண்ணெயக் கவுத்துட்டான். அந்த எண்ணெய் போயி காத்து அளக்கற சென்சார் கம்பியில படிஞ்சு, மூணாம் நாள் பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல வண்டி பவர் இல்லாம நொண்டிருச்சு, மஞ்ச லைட்டு எரியுது, பின்னாடி பஸ்ஸுக்காரரு ஹாரன் அடிக்கறாரு. சென்சார் கழுவுனது சின்ன செலவுதான், அரை நாள் டெலிவரி போச்சு, கஸ்டமர் திட்டுனது தனி.

பேப்பர் ஃபில்டர் வச்சிருக்கறவங்களும் சந்தோஷப்படாதீங்க, ஏர் கன்ன எடுத்து டர்ருன்னு ஊதற பழக்கம் நம்ம ஆளுங்களுக்கு இருக்கு. வொர்க்‌ஷாப் கம்ப்ரெசர்ல நூறு பிஎஸ்ஐக்கு மேல அழுத்தத்துல காத்து வரும், அது பேப்பர்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போட்டுடும். இன்னொரு வேடிக்கை, கொஞ்சம் தூசி புடிச்ச ஃபில்டரு புத்தம் புது ஃபில்டர விட நல்லா வடிகட்டும், புடிச்ச தூசியே வலையா வேலை செய்யுது. பாக்க அழுக்கா இருக்குன்னு மாத்தறவங்க சிவப்பு இண்டிகேட்டருக்குக் காத்திருங்க. 2013 ஜூன்ல புகைமூட்டம் வந்து பிஎஸ்ஐ 401 தொட்ட வாரத்துல ஊருல பாதிப் பேரு இன்ஜின் ஃபில்டர மாத்த ஓடுனாங்க, புகை ரொம்ப நைசு, இன்ஜின அறுக்கறது அது இல்ல, மணல் மாதிரி தூசிதான். (நம்ம ஊர்ல பிஎஸ்ஐன்னா காத்துக் கெட்டதுக்கும் அதுதான் பேரு, டயர்ல அடிக்கற காத்துக்கும் அதுதான் பேரு.)

இனி அந்தக் கணக்கு. முதலாளி சொன்னாரு, "அப்புறம் எப்படி ரெண்டு மூணு வண்டி நல்லாக் காட்டுச்சு?" நல்ல கேள்வி, எனக்கே அன்னிக்குப் பதில் இல்ல. அதனால ஒரே மாடல், ஒரே வயசு, ஒரே ரூட்டு ரெண்டு வண்டிய எடுத்தேன், சாங்கி பக்கமும் செனோக்கோவும் ஓடறது. ஒண்ணுல கைய வைக்கவே இல்ல, பேப்பர் ஃபில்டரோட அப்படியே. இன்னொண்ணுல மே மாசம் பேப்பரு, ஜூன் சிவப்பு, ஜூலை மறுபடி பேப்பரு. ஒரே பம்பு, முதல் கிளிக்குல நிறுத்தணும், அதுக்கு மேல ஊத்தக் கூடாதுன்னு டிரைவர்கிட்ட கெஞ்சிச் சொல்லிட்டேன். அமெரிக்காவுல லாரி டீசல் சோதனைக்கு எஸ்ஏஇ ஜே1321ன்னு ஒரு முறை வச்சிருக்காங்க, அதுலயும் இப்படித்தான், மாத்தாத வண்டி ஒண்ணு கூடவே ஓடணும். அவங்க அளவுக்கு நம்மால துல்லியமாப் பண்ண முடியாது, யோசனை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

சிவப்பு ஃபில்டர் வண்டி மே மாசம் லிட்டருக்கு 6.3, ஜூன்ல 6.6, ஜூலைல திரும்ப 6.3. பாத்தீங்களா, ஃபில்டர் போட்டா ஏறுது எடுத்தா எறங்குது! இத மட்டும் பாத்தா நானே அந்த சேல்ஸ்மேன் கால்ல விழுந்துருப்பேன். இப்ப கைய வைக்காத வண்டியப் பாருங்க: 6.2, 6.5, 6.2. ஜூன் மாசம் ஸ்கூல் லீவுண்ணே. காலைல ரோடு காலி, ஜாம் கம்மி, ரெண்டு வண்டியும் ஏறுச்சு, ஸ்கூல் தொறந்ததும் ரெண்டும் எறங்குச்சு. ஆபீஸ் கணக்குல முந்தின மாசத்தையும் அடுத்த மாசத்தையும் மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா லீவு விட்டதெல்லாம் ஃபில்டர் கணக்குல ஏறிடும். பத்தாததுக்கு டேங்குல நுரை நிக்கறதுலயே 60 லிட்டருக்கு ஒரு லிட்டர் ரெண்டு லிட்டர் முன்ன பின்ன வரும், அதுவே 2, 3 சதவீதம். ஃபில்டர் போடறப்பவே சர்வீஸும் பண்ணி, டயருக்குக் காத்தும் அடிச்சு, "இனி டீசல் பாக்கறோம்"னு டிரைவருக்கும் சொல்லிட்டா அவன் கால் தானா லேசாயிடும். எது மிச்சம் பண்ணுச்சுன்னு எப்படிக் கண்டுபுடிப்பீங்க?

அப்ப தம்பி வண்டி ஏன் கூடக் குடிச்சுது? ஜிபிஎஸ்ஸ எடுத்துப் பாத்தேன், ஆபீஸ்ல யாரும் அதத் தொறக்கவே இல்ல. அந்த மாசம் அவன துவாஸ்ல ஒரு கோடவுனுக்கு மாத்தி விட்டிருந்தாங்க. அங்க லோடிங் பே கெடைக்க ஒரு நாளைக்கு ரெண்டு மணி, ரெண்டரை மணி நேரம் வரிசையில நிக்கணும், அடிக்கடி ரெண்டடி நகத்தணும், டெயில்கேட் ஏத்தி எறக்க பேட்டரி போயிடும்னு இன்ஜின ஓட விட்டே வச்சிருந்தான். நிக்கற இன்ஜின் நம்ம சைஸ் லாரியில மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர் குடிக்கும், கிலோமீட்டர் மட்டும் ஏறாது. ரெண்டு மணி வச்சாலும் மாசம் 52 லிட்டர், 130 வெள்ளி. ஃபில்டர் தர்ற 2 வெள்ளி 40 காசுக்குப் பக்கத்துல இத வச்சுப் பாருங்க. 4 சதவீதத்துக்கு மேலயே விளக்கம் இதுலயே கெடைச்சுடுது. சும்மா நிக்கற வண்டியில இன்ஜின ஓட விடறது நம்ம ஊர்ல தப்பும்கூட, என்இஏ (சுற்றுச்சூழல் அதிகாரிங்க) புடிச்சா சம்மன். அது தம்பிக்கும் தெரியும், ஆனா வரிசையில ஒருத்தன் முந்துனா அன்னிக்கு டெலிவரி லேட்டுன்னு திட்டறதும் இதே ஆபீஸ்தானே.

டீசல் மிச்சம் வேணும்னா வழி இருக்கு, விக்க வர்றதுக்கு ஆள்தான் இல்ல. கோடவுன்ல நேரம் குறிச்சு வாங்கி வண்டிய அனுப்புங்க. வாரம் ஒரு தடவ டயர்ல காத்து பாருங்க, எல்லா டயர்லயும் 10 பிஎஸ்ஐ குறைஞ்சு ஓடுனா அரை சதவீதம் ஒரு சதவீதம் டீசல் போயிடும், டயரும் தேயும். யார்டுல மூலையில கெடக்கற ஈயக் குழாயும் மரப் பலகையும் எந்த லாரியிலயாவது "அப்புறம் எறக்கலாம்"னு மாசக்கணக்குல ஊர் சுத்திட்டு இருக்கும், அத எறக்குங்க. வேகம்னு பாத்தா நம்ம ஊர்ல பெரிய லாரிக்கு 60தான், 12 டன்னுக்கு மேல உள்ள வண்டிக்கு லிமிட்டர் முன்னாடியேர்ந்து இருக்கு, 2024லேர்ந்து மூன்றரை டன்னுக்கு மேல உள்ளதுக்கும் படிப்படியா வந்துட்டு இருக்கு, அதனால அதுல பெருசா பேச ஒண்ணுமில்ல.

என் முதலாளிக்கு ரெண்டு வார்த்தை. அண்ணே, சிவப்பு ஃபில்டர் எட்டையும் எடுத்துட்டு பேப்பர் போட்டாச்சு, பழசு ஸ்டோர்ல மேல் தட்டுல இருக்கு, யாராவது கேட்டா குடுத்துடுவேன், இல்லைன்னா கெடக்கட்டும். ஜிபிஎஸ் தாளையும், ரெண்டு வண்டி கணக்கு நோட்டையும் உங்க மேசையில வச்சிருக்கேன், தம்பியோட ரசீதுக் கட்டும் அதுக்குக் கீழதான் இருக்கு, அவன் இன்னும் திரும்ப வாங்கிக்கல. நிறுத்தி வச்சது மாசம் 120, ரெண்டு மாசத்துக்கு 240 வெள்ளி. சம்பளம் 7ஆம் தேதி. அதோட சேத்துப் போட்டுடுங்கண்ணே, போடறப்ப அவன ஆபீஸுக்குள்ள கூப்பிட்டு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, என்னச் சொல்லச் சொல்லாதீங்க.